சி.ரி. 100ஐப் பற்றி ரிவியூக்காரர் சொல்லாமல் விடுவது

2025 மார்ச் 8

உரும்பிராயில் இருந்து ஒரு தம்பி கேட்கிறார்: "பக்கத்து ஒழுங்கையில் பாவித்த பஜாஜ் சி.ரி. 100 ஒன்று விலைக்கு வருகிறது. அப்பா எடு என்கிறார். நான் தேடித் தேடி ரிவியூ பார்த்தால் எல்லோரும் இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள். தினசரி வேலைக்குப் போதும், பெரிதாக எதையும் எதிர்பார்க்காதீர்கள், அவ்வளவுதான். இவ்வளவு சனம் ஓடுகிற பைக்கைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றும் இல்லையா?"

அப்பா சொல்வதைக் கேளுங்கள் தம்பி. மிச்சம் பிறகு எழுதுகிறேன்.

2025 மார்ச் 9

ஞாயிற்றுக்கிழமை, நேரம் இருக்கிறது.

இந்த பைக்கைப் பற்றிய விமர்சனங்கள் பெரும்பாலும் இந்தியாவில் எழுதப்பட்டவை. எந்த ஒன்றை எடுத்தாலும் குறைப் பட்டியல் ஒரே மாதிரித்தான். தோற்றம் பழசு. நாலே நாலு கியர். முன்னும் பின்னும் ட்ரம் பிறேக். 80ஐத் தாண்டினால் அதிருகிறது. 99.27 சிசி, 8.2 குதிரைவலு, அதற்கு மேல் என்ன எழுதுவது என்ற அலுப்பு ஒவ்வொரு வரியிலும் தெரியும்.

அந்த 80ஐ மட்டும் எடுத்துக்கொள்வோம். இலங்கையில் மோட்டார் சைக்கிளுக்கு வேக எல்லை ஊர்மனைக்குள் 50, வெளியில் 70. பலாலி வீதியில் பள்ளிக்கூடம் விடுகிற நேரம் 30 போனாலே பெரிய காரியம். ஏ9 பெருவீதியில் 80க்கு மேல் போய் அதிர்வை ஆராய்கிறவருக்கு பைக்கைவிட முன்னால் கை காட்டி மறிக்கிற பொலிஸ்காரர்தான் பெரிய பிரச்சினை. சட்டப்படி போகக்கூடாத வேகத்தில் வருகிற குறையை வைத்து ஒரு பைக்குக்குப் புள்ளி குறைப்பது எந்த ஊர் நியாயம்?

அடுத்தது விலை. அங்கே எழுதுகிற ஒவ்வொரு விமர்சனமும் விலையில்தான் போய் நிற்கும். இந்தக் காசுக்கு இது பரவாயில்லை, இன்னும் கொஞ்சம் போட்டால் அதை எடுக்கலாம் என்று. அந்த விலை கடல் தாண்டி, வரி கட்டி, யாழ்ப்பாணம் வந்து சேரும்போது அடையாளம் தெரியாது. "இன்னும் கொஞ்சம்" என்பது இங்கே ஒரு சோடி காப்பு. ஆகவே தீர்ப்பின் பாதி கொழும்புத் துறைமுகத்திலேயே செல்லாமல் போகிறது. நாங்கள்தான் அதை அப்படியே வாசித்துவிட்டுத் தலையாட்டுகிறோம்.

2025 மார்ச் 11

"லீற்றருக்கு 89 கிலோமீற்றர் ஓடும் என்று கொம்பனி சொல்கிறது, எனக்கு 60 சொச்சம்தான் கிடைக்கிறது, இது ஏமாற்று இல்லையா" என்று கீழே ஒருவர் கொதித்திருக்கிறார்.

அண்ணை, அந்த 89 றோட்டில் அளந்தது இல்லை. அந்தக் காலத்தில் இந்தியாவில் இரண்டு சக்கர வாகனங்களுக்கு ஒரு ஓட்டச் சுற்று வைத்திருந்தார்கள். பைக்கை உருளை மேல் நிறுத்தி, 108 செக்கனுக்கு ஏற்றி இறக்கி ஓட்டுவார்கள். அதையே ஆறு தரம் திருப்பிச் செய்வார்கள். முழுத் தூரம் நாலு கிலோமீற்றரும் வராது. உச்ச வேகம் 42. சராசரி 22 அளவில். காற்று இல்லை, பின்னால் மனுசி இல்லை, முன்னால் அரிசிப் பை இல்லை, கோண்டாவில் சந்தியில் குறுக்கே வருகிற மாடு இல்லை. அப்படி ஓட்டினால் வருவதுதான் அந்த எண். பொய் என்று சொல்ல முடியாது. ஒரு பைக்கை இன்னொன்றோடு ஒப்பிட அது உதவும். உங்கள் பைக்குக்கு நாளைக்கு எவ்வளவு பெற்றோல் அடிப்பது என்று பார்க்க உதவாது.

விமர்சனம் எழுதுகிறவர் செய்யவேண்டிய வேலை இந்த இடைவெளியை விளக்குவது. பலர் செய்வது, கொம்பனியின் எண்ணைத் தலைப்பில் போட்டுவிட்டு, தாங்கள் அளந்ததைக் கடைசிப் பந்தியில் ஒளிப்பது.

2025 மார்ச் 11, இரவு

மாடு என்றது சும்மா ஒரு பேச்சுக்கு. கோண்டாவில்காரர் யாரும் கோவிக்க வேண்டாம். (இரண்டு பேர் ஏற்கெனவே கோவித்துவிட்டார்கள்.)

2025 மார்ச் 23

60 சொச்சம் என்று சலித்துக்கொண்ட அந்த அண்ணைக்கு 2022 பெற்றோல் தட்டுப்பாட்டை ஞாபகப்படுத்த வேண்டும்.

அந்த வருடம் யூலைக் கடைசியில் பெற்றோலைப் பங்கிட்டுக் கொடுக்கக் கியூஆர் அட்டை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு ஒரு கிழமைக்கு 4 லீற்றர். அதற்கு முந்திய மாதங்களில் பெற்றோல் செற் வாசலில் இரவிரவாக நின்றது எல்லோருக்கும் தெரியும். எழுதினால் வயிறு எரியும், விடுவோம். 4 லீற்றர் என்று ஆனவுடன் ஊரில் ஒரு புது மரியாதை ஒழுங்கு உருவானது. 150 சிசி, 200 சிசி வைத்திருந்த பெடியள் அதைப் போர்த்து மூடிவிட்டு அப்பாவின் சி.ரி. 100இன் திறப்பைத் தேடினார்கள். லீற்றருக்கு 60 ஓடினாலும் கிழமைக்கு 240 கிலோமீற்றர். சாவகச்சேரியில் இருந்து யாழ்ப்பாணம் ரவுனுக்கு வேலைக்கு வந்துபோகிற ஒருவருக்குப் போதும். பெரிய பைக்குக்கும் அதே 4 லீற்றர்தான். வியாழக்கிழமையோடு தாங்கி காயும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2025 பெப்ரவரியில்தான் சொந்தப் பாவனை வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தது. இடையில் இருந்த ஐந்து வருடமும் இருந்ததை வைத்து ஓடியதுதான். அந்த ஐந்து வருடத்தில் எந்த பைக் தாங்கியது, எதற்குச் சாமான் கிடைத்தது, எது கொட்டிலில் கிடந்து கறள் பிடித்தது என்று ஒருவர் உட்கார்ந்து எழுதியிருந்தால் அதைவிடப் பெரிய விமர்சனம் இருந்திருக்காது. யாரும் எழுதவில்லை. புதுசு வரவில்லை, ஆகவே எழுத ஒன்றும் இல்லை என்று நினைத்துவிட்டார்கள்.

2025 ஏப்ரல் 6

விமர்சனம் எப்படி எழுதப்படுகிறது என்று ஒருவர் கேட்டதால்.

கொம்பனி அழைக்கும். புது பைக்கை நன்றாகத் தயார் செய்து நிறுத்தி வைத்திருப்பார்கள். செயின் இறுக்கி, ரயருக்குச் சரியான காற்று அடித்து, ஓயில் மாற்றி. எழுதுகிறவர் தனி ஆளாக ஏறி அரை நாள் ஓடுவார். சில வேளை கொம்பனியின் சொந்தப் பாதையிலேயே. அன்றைக்கே வீடியோ போடவேண்டும், பிந்தினால் பார்வை இன்னொருவருக்குப் போய்விடும். இப்படி அரை நாளில் எதை அளக்கலாம்? வேகம், சத்தம், தோற்றம், சீற்றின் மென்மை, மீற்றர் பெட்டியில் எத்தனை விளக்கு. அளக்கக்கூடியதைத்தான் எழுதுவார்கள். அதனால் அளக்கக்கூடிய இடத்தில் புதுமை வைத்த பைக் எப்போதும் முன்னுக்கு வரும்.

சில இதழ்கள் ஒரு பைக்கை மாதக் கணக்கில் வைத்திருந்து எழுதுகின்றன, அதை மறுக்கவில்லை. ஆனால் அப்படி வைத்திருக்க எதைத் தெரிவார்கள் என்று பாருங்கள். யாராவது நூறு சிசி பைக்கைக் கேட்டு வாங்கி வைத்திருப்பார்களா? நானே அந்த வேலையில் இருந்தால் கேட்டிருக்க மாட்டேன்.

2025 ஏப்ரல் 13

நாளைக்கு வருசம், வேலை தலைக்கு மேல். ஒரு துணுக்கு மட்டும்.

இதே குடும்பத்துப் பெரியண்ணன் பஜாஜ் பொக்சர். உகண்டாவில் "போடா போடா" என்கிற வாடகை மோட்டார் சைக்கிள் ஓடுகிறவர்களிடம் நிறைய இருப்பது அதுதான். நாள் முழுக்க, மூன்று பேரை ஏற்றிக்கொண்டு, மண் றோட்டில். அந்த பைக்கைப் பற்றி அழகான தாளில் அச்சிட்ட எட்டுப் பக்கக் கட்டுரை எங்காவது பார்த்தீர்களா?

2025 ஏப்ரல் 27

மீன்காரர் கதையைச் சொல்லவேண்டும் என்று முதலில் இருந்தே நினைத்தேன்.

எங்கள் ஒழுங்கைக்கு வருகிற மீன்காரர் விடியப் பாசையூரில் மீன் ஏற்றிக்கொண்டு நீர்வேலிப் பக்கம் வரைக்கும் போகிறவர். சி.ரி. 100. பின் கரியரில் பலகை அடித்து, அதில் றெஜிபோம் பெட்டி, பெட்டிக்குள் ஐஸ், மேலே தராசு. பக்கத்தில் தொங்குகிற பையில் கத்தி. ஐஸ் உருகி, மீன் தண்ணியும் உப்பும் சேர்ந்து, பின் சில்லில், செயினில், சைலன்சரில் நாள் முழுக்கச் சொட்டும். சூடான சைலன்சரில் உப்புத் தண்ணி விழுந்தால் என்ன ஆகும் என்று எந்தக் கொம்பனியும் சோதித்திருக்காது. அவர் சோதித்துக்கொண்டிருக்கிறார்.

நான் ஒருநாள் பைக்கைச் சுற்றிப் பார்த்தேன். பின் மட்காட் பாதி இல்லை. சைலன்சர் ஒட்டு மேல் ஒட்டு. கம்பிகளில் பாதி புதுசு, பாதி கறள். மீற்றர் வயர் எப்போதோ அறுந்துவிட்டது, ஆகவே எவ்வளவு ஓடியது என்பது கடவுளுக்கும் தெரியாது. எஞ்சினை மட்டும் ஒரு தரம் பிரித்துப் பிஸ்டன் றிங் மாற்றியதாகச் சொன்னார். கிளச் பிளேற்றும் செயின் செற்றும் அவருக்கு உப்புப் புளி மாதிரி, அடிக்கடி வாங்குகிற சாமான். அதை அவர் செலவாகவே கணக்கில் எடுக்கவில்லை.

"நல்ல பைக்கா அண்ணை?" என்று கேட்டேன். அவருக்குக் கேள்வி விளங்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "விடியக் காலமை ஒருநாளும் என்னை நிப்பாட்டேல்லை" என்றார். பிறகு, "சுறா ரெண்டு கிலோ கிடக்கு, வேணுமோ?"

எடுத்தேன். வறை நன்றாக வந்தது.

இவர் தன் பைக்கை ஒருபோதும் புகழமாட்டார். ரிவியூக்காரரும் புகழமாட்டார். இரண்டு பேரும் சொல்லாமல் விடுவது ஒரே விசயத்தை, ஆனால் காரணம் வேறு. இவருக்கு அது சொல்லத் தேவையில்லாதது. அவருக்கு அது தெரியவே வாய்ப்பில்லாதது.

2025 மே 4

"றெஜிபோம்" என்றால் என்ன என்று சென்னையில் இருந்து ஒருவர். வெள்ளையாக, இலேசாக, ரிவி பெட்டிக்குள் வருமே, அது. நீங்கள் தெர்மாகோல் என்பீர்கள். சரி, மேலே போவோம்.

2025 யூன் 15

நெல்லியடிக்காரர் ஒருவர் நன்றாகப் பிடித்திருக்கிறார்: "சோழகம் அடிக்கிற நேரத்தில் வல்லை வெளியால் உந்த சி.ரி.யில் போய்ப் பார்த்துவிட்டு எழுதும்."

போயிருக்கிறேன், போன கிழமையும் போனேன். வல்லைப் பாலத்தடியில் இரண்டு பக்கமும் ஒன்றும் இல்லை, மரம் இல்லை, மதில் இல்லை. சோழகம் என்கிற தென்மேற்குக் காற்று பக்கவாட்டில் வந்து அடிக்கும்போது பைக் றோட்டின் ஓரத்துக்குத் தானாகவே நகரும். மெல்லிய ரயர், பாரம் குறைந்த பைக், அதில் என் பெரிய சேட்டுப் பாய் விரித்ததுபோல் காற்றைப் பிடிக்கும். சங்குப்பிட்டிப் பாலத்திலும் இதேதான். 2011 சனவரியில் அந்தப் பாலம் திறந்த பிறகு பூநகரிப் பக்கம் போவது சுகமாகிவிட்டது, ஏ32 வீதியால் மன்னார் வரைக்கும் போகலாம். ஆனால் கடல்நீரேரிக்கு மேல் அந்த 288 மீற்றரில் காற்று யாரையும் கேட்டு வீசுவதில்லை.

இந்தக் குறையை எந்த விமர்சனத்திலும் நான் காணவில்லை. 80இல் அதிர்கிறது என்று எழுதினார்கள். 50இல் காற்றுக்குத் தள்ளுப்படும் என்று எழுதவில்லை. நான் சொல்லவந்தது இதுதான்: நல்லதை விட்டதுபோலக் கெட்டதையும் விட்டிருக்கிறார்கள். இந்த பைக்கை யாரும் திட்டவில்லை, திட்டும் அளவுக்குக்கூட ஓடிப் பார்க்கவில்லை.

2025 யூன் 16

காற்றுக்கு வழி: முன்னுக்குச் சாய்ந்து, கைப்பிடியை இறுக்காமல், 40இல் போங்கள். இறுக்கிப் பிடித்தால்தான் பைக் கூடுதலாக அலையும். பஸ் முந்தும்போது மட்டும் கவனம். பஸ்ஸின் மறைவில் காற்று திடீரென்று நின்று, பஸ் போனதும் திரும்ப அடிக்கும்.

2025 யூலை 20

வயதான ஐயா ஒருவர் மண்ணெண்ணெய்க் காலத்தை இழுத்துவிட்டார், இனி இது எங்கே போய் நிற்கும் என்று தெரியாது.

1990 யூனில் சண்டை திரும்பத் தொடங்கி, பொருளாதாரத் தடை வந்தபிறகு பெற்றோல் யாழ் குடாநாட்டுக்குள் வரவில்லை. எங்கள் சித்தப்பாவிடம் ஹொண்டா எம்.டி. 90 இருந்தது. ஜப்பானில் தபால்காரருக்கென்று செய்த சிவப்பு பைக், அங்கே ஓடி முடிந்தபிறகு இங்கே வந்தது. அதை மண்ணெண்ணெயில் ஓடினார்கள். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது, ஆகவே பிடிக்காது. சின்னப் போத்தலில் பொன்போலப் பாதுகாத்த பெற்றோலில் சில துளி காபரேற்றருக்குள் விட்டு உதைத்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். புகை, நாற்றம், பிளக் கழற்றிக் கழற்றித் துடைக்கவேண்டும். சித்தப்பாவின் சேட்டுப் பையில் பேனைக்குப் பக்கத்தில் பிளக் சாவி இருக்கும். இறுக்கமாக அமுக்கி வேலை செய்கிற எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் கொடுத்தால் தட்டத் தொடங்கிவிடும். இந்தச் சின்ன, மெதுவான எஞ்சின்கள் பொறுத்துக்கொண்டன.

எம்.டி. 90க்கு விமர்சனம் யார் எழுதுவது? அது கடையில் வாங்குகிறவருக்கென்று செய்த பைக்கே இல்லை. ஆனால் அது வந்த ஹொண்டா கப் குடும்பம் 1958இல் தொடங்கி 2017இல் பத்துக் கோடியைத் தொட்டது. உலகத்தில் வேறு எந்த மோட்டார் வாகனமும் அந்த எண்ணுக்குப் போனதில்லை.

2025 யூலை 22

"இப்படிப் பார்த்தால் நிறைய விற்றதெல்லாம் நல்லது என்று ஆகிவிடும்" என்று ஒருவர் வெட்டியிருக்கிறார். நியாயமான வெட்டு. நிறைய விற்பதற்கு விலை காரணமாக இருக்கலாம், வேறு கிடைக்காதது காரணமாக இருக்கலாம். நான் பார்ப்பது விற்ற எண்ணிக்கையை விட, பத்து வருடம் கழித்து எத்தனை இன்னும் றோட்டில் நிற்கிறது என்பதை. நாளைக்கு மருதனார்மடச் சந்தை வாசலில் ஒரு பத்து நிமிடம் நின்று பாருங்கள்.

2025 ஓகஸ்ட் 10

நல்லூர்த் திருவிழா, வீதி எல்லாம் மறிப்பு, பைக்கை எங்கோ விட்டுவிட்டு நடந்து வந்தேன். நடக்கும்போது யோசித்த ஒன்று.

இவ்வளவு நேரமும் ரிவியூக்காரரைத் திட்டினேன். எங்கள் ஊரில் உண்மையான விமர்சகர் கராச்காரர். எந்த பைக் எடுக்கலாம் என்று எல்லோரும் அவரிடம்தான் கேட்கிறோம். அவர் நூறு பைக்கைப் பிரித்துப் பார்த்தவர், அரை நாள் ஓடியவர் இல்லை. அந்தவகையில் அவர் சொல்லுக்கு மதிப்பு உண்டு.

ஆனால் அவருக்கும் ஒரு சாய்வு இருக்கிறது. காபரேற்றர் பைக் என்றால் ஒரு திருப்புளியோடு வேலை முடியும். புதிதாக வருகிற பெற்றோல் ஊசி (இன்ஜெக்சன்) வகைக்குக் கணினி வைத்துப் பார்க்கிற கருவி வேண்டும், அது அவரிடம் இல்லை. ஆகவே "உதுகள் எல்லாம் சரிவராது தம்பி, பழசை எடு" என்பார். ஒரு கராச்சில், பெயர் வேண்டாம், என் நண்பனின் புது பைக்கில் சின்ன சென்சர் பிழைக்கு எஞ்சினையே இறக்கவேண்டும் என்றார்கள். வேறு இடத்தில் ஒரு வயரை மாற்றிச் சரிசெய்தார்கள். சி.ரி. 100ஐ ஊர் முழுக்கப் புகழ்வதில் ஒரு பங்கு இந்தச் சாய்விலிருந்து வருவது. எவ்வளவு பங்கு என்று பிரித்தெடுக்க எனக்குத் தெரிந்த வழி, பைக்கை வைத்திருக்கிறவரிடம் தனியாகக் கேட்பது. அதுவும் விற்கிற எண்ணம் இல்லாதவரிடம்.

2025 செப்ரெம்பர் 14

பிறேக்.

இதை நான் தள்ளித் தள்ளி வைத்தேன். தாய் ஒருவர் எழுதியிருக்கிறார், மகன் பள்ளிக்கூடத் தங்கச்சியையும் ஏற்றிக்கொண்டு போகிறவன், ட்ரம் பிறேக் போதுமா என்று.

அம்மா, இந்த இடத்தில் ரிவியூக்காரர் சொல்வது சரி. 110 மில்லிமீற்றர் ட்ரம் தனி ஆளுக்கு, 40 வேகத்துக்குப் போதும். இரண்டு பேரோடு 60இல் போனால் முன்கூட்டியே பிடிக்கவேண்டும். மழையில் தண்ணி உள்ளே போனால் கொஞ்ச நேரத்துக்குப் பிடி குறையும், மெதுவாக அழுத்திக்கொண்டே ஓடி உலர்த்தவேண்டும். இந்தியாவில் 2019 ஏப்ரலில் இருந்து 125 சிசி வரையான பைக்குகளுக்கு ஒன்றை அழுத்தினால் இரண்டும் பிடிக்கிற ஏற்பாட்டைக் கட்டாயமாக்கினார்கள், அதற்கு மேற்பட்டதற்கு சில்லு இறுகிச் சறுக்காமல் தடுக்கிற ஏபிஎஸ். அதற்கு முந்திய பாவித்த பைக்கில் அதை எதிர்பார்க்க வேண்டாம். எங்கள் பெடியள் பின் பிறேக்கை மட்டும் மிதித்துப் பழகியவர்கள், அதுதான் இன்னும் ஆபத்து. முன் பிறேக்கையும் சேர்த்துப் பிடிக்கப் பழக்குங்கள். மணல் கிடக்கிற வளைவில் மட்டும் முன்னை இறுக்க வேண்டாம்.

தனியாக வேலைக்குப் போகிறவர் என்றால் சி.ரி. 100. தங்கச்சியை ஏற்றுகிறவன் என்றால், முடிந்தால் முன்னுக்கு டிஸ்க் பிறேக் உள்ளதை எடுங்கள், அது பத்து வருடம் நிற்காவிட்டாலும் பரவாயில்லை.

2025 செப்ரெம்பர் 21

பாவித்தது எடுக்கிறவர்கள் பார்க்கவேண்டியதை மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். குளிர்ந்த எஞ்சினில் நீங்களே உதைத்துப் பாருங்கள், விற்கிறவர் முதலே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லுங்கள். நீலப் புகை வந்தால் றிங் வேலை இருக்கிறது. பின் சில்லைப் பிடித்து இரண்டு பக்கமும் ஆட்டுங்கள். கரியர் பூட்டிய இடத்தில் சட்டம் ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவுங்கள், பெயின்ற் அடித்து மறைத்திருப்பார்கள். முன்பு மீன் ஏற்றியதா என்று மணந்தால் தெரியும்.

பைக்கின் பதிவுப் புத்தகத்தில் உள்ள பெயரும் விற்கிறவரின் அடையாள அட்டையும் ஒன்றா என்று பார்த்துவிட்டுக் காசை எடுங்கள். கையெழுத்து மட்டும் வைத்த வெற்றுப் பெயர்மாற்றப் படிவத்தோடு மூன்று கை மாறிய பைக் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். முதல் சொந்தக்காரர் கனடாவில் இருப்பார்.